சங்குமடுக் காவல்

ஏப்ரல் 5, ஞாயிறு

"உங்க பயத்தையெல்லாம் என் காதுல கொட்டாதீங்க. ஒரு நோட்டு வாங்கி எழுதி வைங்க" என்று மனைவி உலகம்மை சொன்னதால் இதை எழுதுகிறேன். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒரு நோயாளி என்றால் அலுப்பாகத்தான் இருக்கும்.

இன்று விடியற்காலை சங்குமடுவில் எனக்குக் காவல் முறை. கோடையில் தாமிரபரணி கணுக்கால் அளவுக்கு இறங்கிவிடும். மீனெல்லாம் மடுவின் ஆழத்தில் போய் ஒதுங்கும். அந்த நேரம் பார்த்து வெடிக்காரர்கள் வருவார்கள். ஒரு வெடித் தோட்டாவில் திரியைப் பற்றவைத்து எறிந்தால் போதும், பெரியது, சின்னது, குஞ்சு, சினை என்று எல்லாம் செத்து மிதக்கும். அதைத் தடுக்கத்தான் தூண்டில் போடுகிற நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, மீன்வளத் துறையில் அனுமதி வாங்கி, முறை வைத்துக் காவல் இருக்கிறோம். கையில் ஆயுதம் கிடையாது. ஆளுக்கொரு விசிலும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தந்திருக்கிறார்கள். சட்டை அக்கரையிலிருந்து பார்த்தாலே தெரியும். நாங்கள் வருவதைத் திருடனுக்குச் சொல்வதற்கென்றே தைத்தது.

போனால், நாங்கள் நட்டிருந்த எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கி இரண்டாக உடைத்துத் தண்ணீரில் போட்டிருந்தார்கள். உட்கார்கிற கல்லில் மலம். சுற்றிலும் யாரும் இல்லை. கோரைக்குள் எதுவோ சரசரத்தது. கீரியாக இருக்கும். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை எடுக்கவே இல்லை.

மைதீன் பிச்சைக்குப் போன் செய்தேன். எங்கள் சங்கத்தின் தலைவர் அவர்தான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பயம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "பலகைதானே வே உடைச்சிருக்கான்? உம்ம மண்டையை உடைக்கலையே. நான் இரும்புலயே அடிச்சுத் தாரேன்" என்றார். மண்டை என்ற சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

என் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மூன்று நாளாகப் போன் வருகிறது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. இன்று ஒருவன் பேசிவிட்டான். "கண்ணாடிக் கடைக்காரரே, கண்ணு பத்திரம்."

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒன்றுமில்லை. பிறகு எதற்கு இந்த நடுக்கம்? ஒருவருக்கு மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியை முடுக்கும்போது கை ஆடி, திருகாணி எங்கோ போய் விழுந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. உலகம்மையின் தம்பி சிவனு வாங்கி வந்தான். கல்குவாரியில் வேலை பார்க்கிறான், எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். நல்ல பிள்ளை. எனக்கு ரத்தக் கொதிப்பு என்பதால் காய்கறிப் பையைக்கூடத் தூக்க விடமாட்டான். பெரிய ஆற்றுக்கெண்டை, இந்தக் கோடையில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. தூண்டில்காரன் புத்தி, முதலில் வாயைத்தான் பார்த்தேன். முள் குத்திய காயம் இல்லை. செதிலில் வலையின் தடமும் இல்லை. அறுக்கும்போது உள்ளே காற்றுப்பை கிழிந்து, ரத்தம் கட்டியிருந்தது. நடுமுள் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சந்தையில் கீழே போட்டிருப்பார்கள். குழம்பு நன்றாக இருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மீன்வளத் துறை அதிகாரி மடுவைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் சங்குமடுவை மீன் காப்பகமாக அறிவிப்பார்கள். அப்புறம் போலீஸ் ரோந்து வரும், நான் வீட்டில் தூங்கலாம்.

அதிகாரிக்கு மீனைக் காட்ட வேண்டுமே, ஆழத்தில் கிடந்தால் எப்படித் தெரியும்? நான்தான் யோசனை சொன்னேன். தூண்டில் போடுகிறவனுக்குத் தெரிந்த வழிதான். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து உருண்டை பிடித்து, தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போட்டுப் பழக்கினால் மீன் அந்த நேரத்துக்குத் தானாக வந்து நிற்கும். தெற்குப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில், பாறைக்கு அருகில் போடுகிறோம். இன்று சூரியன் எழும்போது வந்து நின்றன பாருங்கள், கெண்டையும் சேலும் கெளுத்தியும்! தண்ணீரே கறுத்துப்போயிற்று. இந்த மாதத்தில் நான் பயமில்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மைதீன் பாய் என் முதுகில் ஒரு அறை அறைந்தார். "பயந்தாங்கொள்ளி மண்டைக்குள்ள இம்புட்டு மூளையா வே!"

ராத்திரி சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். சிவனு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு கேட்டான். "எந்தப் பாறை அத்தான், வழுக்குப் பாறையா?" வீட்டில் என் ஆற்றுக் கதையைக் காதுகொடுத்துக் கேட்கிறவன் அவன் ஒருவன்தான்.

ஏப்ரல் 18, சனி

நாளை அதிகாரி வருகிறார். உலகு ஆரஞ்சுச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நானும் பாயும் மடுவுக்குப் போகிற வழியில், வாழைத் தோட்டத்தைத் தாண்டும்போது சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. தண்ணீருக்குள் வெடித்தால் பூமிக்கு அடியில் யாரோ கதவை அடைத்தது போலத்தான் கேட்கும். காலில்தான் முதலில் தெரிந்தது.

போய்ப் பார்த்தோம். பெரியதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் பாறையைச் சுற்றி வயிறு தெரிய மிதந்தது. விரல் நீளக் குஞ்சுகள். சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இன்றைக்குப் போடக் கொண்டுபோன பிண்ணாக்கு உருண்டை என் பையில் அப்படியே இருந்தது. நான் கூட்டி வைத்தேன், அவர்கள் கொன்றார்கள். வேறு எப்படி எழுதுவது?

அதிகாரி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பார்த்தார். "ஏங்க, காப்பாத்துறதுக்கு இங்க ஏதாவது இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பாய் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பாறைகிட்ட கூடும், இந்த நேரத்துக்குக் கூடும்னு நம்ம ஏழு பேருக்குத்தான் வே தெரியும். ஒருத்தன் வாய் வெளிய போயிருக்கு."

"எங்கயாவது மரத்துமேல இருந்து பாத்திருப்பான் பாய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அங்கே ஏறி உட்காருகிற மாதிரி மரமே கிடையாது.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் கடையைத் திறக்கப் போனேன். பூட்டை உடைத்திருந்த ஷட்டரில் ஒரு விரால் தொங்கியது. தூண்டில் முள்ளைக் கண் வழியாகக் குத்திக் கட்டியிருந்தார்கள். உள்ளே முகப்புக் கண்ணாடி உடைந்து, மூக்குக் கண்ணாடிச் சட்டங்களெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தன. எதிர் டீக்கடையில் கேட்டால் யாரும் எதையும் பார்க்கவில்லை. பத்து வருஷமாக நான் கண் சோதித்துக் கண்ணாடி போட்டுவிட்ட ஆட்கள்!

அங்கேயே வாந்தி எடுத்தேன். சிவனுதான் வந்து முள்ளை நறுக்கி விராலை எடுத்துப் போட்டான், பெருக்கினான், புதுக் கண்ணாடி கொண்டுவந்து மாட்டும்வரை கூடவே நின்றான். அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது. யாரிடமோ சந்துக்குள் போய்ப் போனில் சண்டை போட்டான். "வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேம்லா?" என்று காதில் விழுந்தது. கண்ணாடி மாட்டுகிற பையனிடம் பேசியிருப்பான்.

"நீங்க பயப்படாதீய அத்தான். இனிமே உங்க மேல கை வைக்க மாட்டானுவ" என்றான்.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறான் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். மனிதனுக்குத் தூக்கம் வேண்டாமா?

ஏப்ரல் 24, வெள்ளி

உலகு துணி துவைக்கும்போது சிவனுவின் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு முழம் வெடித் திரி விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"குவாரியில வேலை பாக்குறவன் பையில திரி இல்லாம திருநீறா இருக்கும்?" என்றேன்.

"அவனுக்கு அங்க லாரிக்குக் கணக்கெழுதுற வேலைங்க" என்றாள்.

நான் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டேன். அவள் போய்விட்டாள். ராத்திரி ரசமும் அப்பளமும். சிவனு சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டான். நான் அவன் கைகளைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

பாய் பட்டறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெடிக்காரர்களைக் கையும் களவுமாகப் படம் எடுக்கப் போகிறாராம். பாதை வழியே போனால் தடம் தெரிந்துவிடும். அதனால் இக்கரையிலிருந்து மடுவை நீந்திக் கடந்து, அக்கரைத் தாழம்புதருக்குள் ஒளிந்துகொள்வார். ஆரஞ்சுச் சட்டை கிடையாது. கேமராவைப் பாலிதீன் பையில் கட்டித் தலையில் வைத்துக்கொள்வார். நான் மேட்டில், பாதை திரும்புகிற இடத்தில், பனைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர் தண்ணீரில் இருக்கும்போது யாராவது வந்தால் ஒரு நீள விசில். உடனே கரையேறிவிடுவார்.

"தண்ணிக்குள்ள ஆள் இருக்கும்போது வெடி விழுந்தா என்ன ஆகும்னு தெரியும்லா வே? மீனுக்கு ஆனது எனக்கும் ஆகும். என் உசுரு உம்ம வாயில இருக்கு" என்று சிரித்தார்.

வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். என் ரத்தக் கொதிப்பைச் சொன்னேன். "உம்மைத்தான் வே நம்புதேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வீட்டுல மூச்சு விடக்கூடாது" என்றார். ஏன் அதை என்னிடம் மட்டும் அழுத்திச் சொன்னார் என்று தெரியவில்லை.

மே 2, சனி

சிவனு கேட்டான். "நாளைக்கு மடுவுல யாரு அத்தான் காவல்?"

"யாருமில்ல. எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போறாங்க" என்றேன்.

யார் கல்யாணம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. பாய் யாரிடமும் சொல்லக்கூடாது என்றார், அதனால் அப்படிச் சொன்னேன். அவ்வளவுதான். உலகு அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

தூக்கம் வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் தலையணைக்குள் கேட்கிறது.

மே 3, ஞாயிறு

பாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிர் இருக்கிறது. இன்று எழுத முடியவில்லை.

மே 4, திங்கள்

நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விடியும்போது பனைக்குப் பின்னால் நின்றேன். பாய் சட்டையைக் கழற்றி, பையைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பாதி தூரம் போயிருப்பார். பாதையில் மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டு பேர். வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பாறை மறைப்பதால் மடுவின் நடுப்பகுதி தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்தது.

விசில் வாயில்தான் இருந்தது. நாக்கு உலர்ந்துபோயிருந்தது. ஊதினேன், காற்றுத்தான் வந்தது. பயத்தில் அப்படி ஆகும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

திரி புகைந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு காலடியில் அந்தக் கதவு அடைத்தது.

வண்டிச் சத்தம் ஓய்ந்தபிறகு நான் கீழே இறங்கி ஓடியபோது வெடி போட்டவர்கள் இல்லை. பாய் கரையில் கிடந்தார். இரண்டு காதிலும் மூக்கிலும் ரத்தம். யாரோ தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டு, மூச்சு முட்டாமல் ஒருக்களித்துக் கிடத்தியிருந்தார்கள். மணலில் ஈரக் கால்தடம் வண்டி நின்ற இடம்வரை போயிருந்தது.

வந்தவர்களின் முகம் தெரிந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தூரம், இருட்டு இன்னும் விலகவில்லை, என் கண்ணாடியில் பனி என்று சொன்னேன். சித்திரையில் என்ன பனி என்று அவர் கேட்கவில்லை.

சிவனு நேற்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. குவாரியில் வேலை அதிகமாக இருக்கும்.

மே 5, செவ்வாய்

இனி மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? என் நோட்டு, என் வீடு, கதவைத் தாழிட்டிருக்கிறேன். அப்படியும் பேனா அந்தப் பெயருக்குக் கிட்டே போனால் நின்றுவிடுகிறது.

பயம். வேறொன்றுமில்லை. சொன்னால் உலகுக்குத் தம்பி இல்லை. தாயில்லாமல் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. சொல்லாவிட்டால் பாய் முகத்தைப் பார்க்க முடியாது. வெடிக்காரனுக்குப் பயந்தேன், போனுக்குப் பயந்தேன், செத்த விராலுக்குப் பயந்தேன். அதெல்லாம் ஒரு பயமே இல்லை என்று இப்போது தெரிகிறது.

மே 6, புதன்

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாளாக வாசல்வரை போய்த் திரும்பியவன், இன்று உலகம்மையின் வேலை நேரத்தில் உள்ளே போனேன். அவள்தான் அந்த வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாய் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. செவிப்பறை இரண்டும் கிழிந்துவிட்டன, கேட்பது கஷ்டம் என்று உலகு முந்தாநாளே சொல்லியிருந்தாள். நுரையீரல் தேறிவிடுமாம்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு என்ன தைரியம் வந்தது என்றால், அவருக்குக் கேட்காது என்ற தைரியம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் முணுமுணுத்தேன். பிண்ணாக்கு போட்ட இடத்தைச் சாப்பாட்டில் உளறியதை. முதுகு முறிந்த கெண்டையை. திரியை. கல்யாணம் என்று பொய் சொன்னதை. அவன் வந்தால் அவர் படம் எடுப்பார், போலீஸ் பிடிக்கும், என் வாயால் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டதை. பனைக்குப் பின்னால் நின்று சிவனுவின் முகத்தைப் பார்த்ததை. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. வெட்கம் கெட்டவனுக்கு அழுகைகூட வந்தது.

பாய் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். தலைமாட்டிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து, திருப்பி, பேனாவோடு என் மடியில் வைத்தார். "எழுதிக் காட்டும்" என்றார்.

கைகள் வியர்த்தன. பேனா வழுக்கியது. 'வெடி போட்டது என் மச்சினன் சிவனு' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'பார்த்தேன். விசில் ஊதவில்லை' என்று எழுதினேன்.

அவர் வாசித்தார். காது கேட்காதவர்கள் பேசுவது போல உரக்கப் பேசினார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இது எனக்குத் தெரியும் வே! என்னைய இழுத்துக் கரையில போட்டதே அவன்தான். அத்தான் யாருமில்லன்னு சொன்னாவளே, அத்தான் யாருமில்லன்னு சொன்னாவளேன்னு அழுதுக்கிட்டே இழுத்தான். வாய் அசையறதை வச்சே புரிஞ்சுது. போலீசு கேட்டப்ப நான் பேரு சொல்லல. நீரு வந்து சொல்லுதீரான்னு பாத்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"விசில் ஊதினேன், காத்துத்தான் வந்துச்சுன்னு ஸ்டேசன்ல சொன்னீராம். என் மவன் எழுதிக் காட்டினான். நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் வே நீந்தினேன். அந்தக் காத்துகூட வரல. அப்ப எனக்குக் காது இருந்துச்சு."

உலகு இரண்டு கட்டில் தள்ளி, கையில் மாத்திரைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. அடுத்த நோயாளிக்கு மாத்திரையைக் கொடுத்து, அவர் விழுங்கும்வரை நின்றாள். பிறகு வந்து என் மடியிலிருந்த சீட்டை எடுத்து வாசித்தாள். மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"இதை இங்க காட்டி என்ன பண்ண?" என்றாள். "கொண்டுபோக வேண்டிய இடம் வேற."

மே 7, வியாழன்

ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன். பயம் போகவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை சட்டை நனைந்து மாற்றினேன்.

உலகு விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்துவிட்டாள். சிவனு கடையம் ஊரில் சித்தி வீட்டில்தான் இருக்கிறானாம். நேற்று ராத்திரி போனில் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை, குரல் மட்டும் கட்டியிருக்கிறது. "அவனையும் ஸ்டேசனுக்கு வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

வாழை இலையில் புளிச்சோறு இரண்டு பொட்டலம் கட்டி மஞ்சப்பையில் வைத்துத் தந்தாள். ஒன்று எனக்கு. பெரியது அவனுக்கு.

"நீங்க முன்னால போயிருங்க" என்றாள். "அவன் வரும்போது நீங்க அங்க இருக்கணும்."